மீன் குளத்துச் சேறு யாருக்குச் சொந்தம்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பு ஒன்றில் மில் தொழிலாளி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மீன் வளர்ப்பில் மிஞ்சுகிற கழிவைப் பயிருக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் மீனவனல்ல. விவசாயக் கல்லூரியில் படித்தவனும் அல்ல. 28 வருஷம் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். என் தாய் தந்தையர் விவசாயக் கூலிகள். ஆகையால் எனக்குத் தெரிந்த மில்லிலிருந்தே தொடங்குகிறேன்.

மில்லில் பஞ்சை உதறும்போது தூசும் துரும்பும் கீழே விழுகின்றன. கார்டிங் யந்திரத்தில் குட்டைப் பஞ்சு ஒதுங்குகிறது. ஸ்பின்னிங்கில் நூல் அறுகிறது. இவற்றில் ஒரு கைப்பிடியையாவது முதலாளி குப்பைத் தொட்டியில் கொட்டி நீங்கள் பார்த்ததுண்டா? கிடையாது. தரம் பிரித்து, பொதி கட்டி, எடை போட்டு, விலை பேசி விற்கிறார். கழிவுப் பஞ்சை வாங்கி நூல் நூற்பதற்கென்றே தனி மில்கள் ஓடுகின்றன. ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளியின் தூக்குவாளியைக் கேட்டில் திறந்து பார்க்கிறார்களே, எதற்காக? கழிவுக்கும் விலை உண்டு என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். கண்மாய்க்குக் கீழே நிலத்தைத் தோண்டி மீன் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். மீன் பிடிக்கிற நாளில் பம்பு செட்டைப் போட்டுக் குளத்தை வடிய வைப்பார்கள். அடித் தண்ணீர் மை மாதிரிக் கறுப்பாக வரும். அது எந்த வழியாகப் போகும்? மச்சு வீடுகள் உள்ள தெரு வழியாகப் போகாது. எங்கள் தெரு வாய்க்கால் வழியாகத்தான் போகும். நாலு நாள் சோறு இறங்காது, அப்படி நாற்றம். அதே வாரத்தில் எங்கள் தெருவில் குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் சொசைட்டி வாசலில் யூரியாவுக்கு வரிசையில் நிற்பார்கள்.

தோழர்களே, வாய்க்காலில் ஓடிய பொருளும் வரிசையில் நின்று வாங்கிய பொருளும் ஒன்றேதான். இதை நான் வாய்ச்சவடாலாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு டன் மீன், இரண்டேகால் மூட்டை யூரியா

தீவனம் போட்டு வளர்க்கும் குளத்தில் ஒரு டன் மீன் எடுக்கவேண்டுமானால் சுமார் ஒன்றரை டன் தீவனம் செலவாகும். தீவனத்தில் 100-க்கு 30 பங்கு புரதம் என்று வைத்துக்கொள்வோம். 1,500 கிலோ தீவனத்தில் 450 கிலோ புரதம். புரதத்தில் 100-க்கு 16 பங்கு நைட்ரஜன் என்ற தழைச்சத்து. ஆக, குளத்துக்குள் 72 கிலோ தழைச்சத்து போகிறது. பிடித்து வெளியே எடுக்கும் ஒரு டன் மீனின் உடம்பில் இருப்பது ஏறக்குறைய 25 கிலோதான். பாக்கி 47 கிலோ எங்கே? தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிறது. யூரியாவில் 100-க்கு 46 பங்குதான் தழைச்சத்து. அப்படியானால் 47 கிலோ என்பது 100 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியா. 45 கிலோ மூட்டையில் இரண்டேகால் மூட்டை.

அத்தனையும் பயிருக்குக் கிடைத்துவிடும் என்று சொன்னால் அது பொய். ஒரு பகுதி காற்றோடு போய்விடும். இன்னொரு பகுதி சேற்றில் கட்டுண்டு கிடந்து மெல்ல மெல்லத்தான் வெளிவரும். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் போட்டு வளர்க்கும் குளத்துக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மீனாகிறது, இரண்டு பங்கு குளத்தில் தங்குகிறது என்ற விஷயம் மாறாது. மணிச்சத்தும் பெரும்பாலும் அடிச்சேற்றில்தான் போய்ப் படிகிறது.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. அது மிகுந்தால் மீனுக்கே விஷம். ஆனால் தண்ணீரிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அடுத்த கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. மில்லில் ஒரு டிபார்ட்மெண்ட் முடித்ததை அடுத்த டிபார்ட்மெண்ட் வாங்கிக்கொள்வது போல! இந்தப் பாக்டீரியாக்களை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. இது 1890-ஆம் வருஷத்து விஷயம். நைட்ரேட்டை வேர் ஆசையோடு உறிஞ்சுகிறது. இந்த வேலைக்குக் காற்று வேண்டும். காற்றில்லாத அடிச்சேற்றில் வேலை நின்றுபோய், அழுகல் முட்டை நாற்றமடிக்கும் வாயு உண்டாகிறது. எங்கள் தெருவில் நாலு நாள் நாறியது அதுதான். அதே சேற்றை வெயிலில் பரப்பிக் காயவிட்டால் நாற்றம் போய்விடும், சத்து பெரும்பாலும் தங்கிவிடும்.

சீனத்து விவசாயி செய்த காரியம்

இதை விஞ்ஞானிகள் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே உழைப்பாளி ஜனங்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். தென்சீனத்தில் குவாங்டுங் மாகாணம். அங்கே முத்து நதி கடலில் சேரும் இடத்தில் பள்ளமான பூமி, மழை வந்தால் வெள்ளக்காடு. விவசாயிகள் பள்ளத்தை மேலும் தோண்டிக் குளமாக்கினார்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் போட்டு அகலமான கரையாக உயர்த்தினார்கள். குளத்தில் மீன். கரையில் முதலில் பழமரங்கள். பிற்காலத்தில் கான்டன் துறைமுகத்தின் வழியாகப் பட்டு வியாபாரம் பெருகியபோது கரை முழுவதும் மல்பெரிச் செடி. நாலு பங்கு நீர், ஆறு பங்கு கரை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு.

மல்பெரி இலையைப் பட்டுப்புழு தின்கிறது. புழுவின் எச்சமும் மிச்ச இலையும் குளத்துக்குப் போகின்றன. மீனிலும் வேலைப் பிரிவினை உண்டு. புல்கெண்டை புல்லைத் தின்கிறது. அதன் சாணத்தால் தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை வெள்ளிக்கெண்டை வடிகட்டித் தின்கிறது. அடியில் விழுவதைச் சேற்றுக்கெண்டை பார்த்துக்கொள்கிறது. அதற்கும் மிஞ்சியது சேறாகப் படிகிறது. வருஷத்தில் சில தடவை அந்தச் சேற்றை அள்ளிக் கரைமேல் பூசுகிறார்கள். மல்பெரி மறுபடி தழைக்கிறது. மழை கரைமண்ணைக் கரைத்துக் குளத்துக்குக் கொண்டுபோகும். மனிதன் அதைத் திரும்பக் கரைக்கே ஏற்றுவான்.

வடக்கே தைஹூ ஏரிக்கருகில் ஹூச்சோ என்ற பிரதேசத்திலும் இதே முறைதான். அங்கே படகில் நின்றபடி இரண்டு நீண்ட மூங்கில்களின் நுனியில் கட்டிய அள்ளுகூடையை நீருக்குள் விட்டு, கத்தரிக்கோல் போல மூடிச் சேற்றைத் தூக்குவார்கள். ஈரச்சேறு என்ன கனம் கனக்கும் என்று தூர் வாரிய கைகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மில் தோழர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மில்தான். 1870-களில் அந்தப் பிரதேசத்தில் நீராவியால் ஓடும் பட்டு நூற்பாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் கொதிநீர்த் தொட்டிமுன் உட்கார்ந்து, வெந்த கூட்டிலிருந்து விரல் நுனியால் இழை எடுத்தார்கள். கூட்டுக்குள் வெந்து கிடக்கும் புழு மீனுக்குத் தீவனம். அதாவது ஆலையில் மிஞ்சியது குளத்துக்குப் போயிற்று, குளத்தில் மிஞ்சியது வயலுக்குப் போயிற்று, வயலில் விளைந்தது ஆலைக்குத் திரும்பி வந்தது. மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் வெவ்வேறு உலகம் என்று நினைக்கிறவர்கள் அந்தக் குளக்கரையில் ஒரு நாள் நின்றிருந்தால் போதும்.

அதைச் சொர்க்கபூமி என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. குளங்களில் பெரும்பகுதி குலச் சொத்தாகவும் பணக்காரர் சொத்தாகவும் இருந்தது. சேறு அள்ளியவன் வாரம் கட்டும் குத்தகைக்காரன். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில் பட்டு விலை சரிந்தது. ஆலைகள் மூடின. மல்பெரியைப் பிடுங்கிவிட்டுக் கரும்பு நட்டார்கள். வேலையிழந்த பெண்களில் பலர் கப்பலேறிச் சிங்கப்பூரிலும் மலேயாவிலும் வீட்டு வேலைக்குப் போனார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போட்ட சீன ஆமாக்களைப் பற்றி மலேயா போய்த் திரும்பிய நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களில் பலர் இந்தக் குளக்கரைப் பெண்கள்தான்.

1949-க்குப் பின் நிலம் கைமாறியது. மல்பெரியும் கரும்புமாகக் குளமுறை பல வருஷம் நடந்தது. கென்னத் ரடில், சோங் கோங்ஃபூ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதை நுணுக்கமாக ஆராய்ந்து 1988-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். ஆனால் அந்த 1980-களிலேயே காட்சி மாற ஆரம்பித்துவிட்டது. முத்து நதிப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகின. மின்விசிறியும் ரைஸ் குக்கரும் செய்யும் பிரதேசமாக ஷுண்டே மாறியது. வாலிபர்கள் சேறு அள்ளுவதை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். இடுப்பொடியும் வேலைக்கு நியாயமான கூலி கிடைக்காதவன் வேறு என்ன செய்வான்? தைஹூ பக்கம் செங்கல் சூளைப் புகையிலிருந்த ஃபுளோரைடு இலையில் படிந்து, அதைத் தின்ற பட்டுப்புழுக்கள் செத்தன. பல குளங்கள் தூர்க்கப்பட்டன. மீதிக் குளங்களில் மூட்டைத் தீவனம் கொட்டி மீனை நெருக்கி வளர்த்தார்கள். சேறு கரையேறவில்லை. அது குளத்தில் கிடந்து நீரைக் கெடுத்தது. கரைப் பயிருக்கு ரசாயன உரம் விலைக்கு வாங்கினார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017-இல் ஹூச்சோ குளமுறையை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. சந்தோஷம்தான். என்றாலும் பட்டியலில் ஏற்றுவது வேறு, சேற்றைக் கரையில் ஏற்றுவது வேறு.

தொட்டி முறை

புதுப் பாணி ஒன்றும் உண்டு. தொட்டியில் மீன், பக்கத்தில் மண்ணே இல்லாத படுகையில் கீரை. மீன் தண்ணீர் பம்பு மூலம் செடிக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அமெரிக்க ஆதிக்கத்திலுள்ள வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்பவரின் குழு நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிற திலாப்பியாவை வளர்த்து இதை வெகு காலம் நடத்திக் காட்டியது. முறை உண்மைதான். ஆனால் பம்பு நிற்காமல் ஓடவேண்டும். கரண்டு போனால் நெருக்கி வளர்த்த மீன் வெகு சீக்கிரம் செத்து மிதக்கும். மீன் கழிவில் சாம்பல் சத்தும் இரும்பும் போதாது, தனியாகச் சேர்க்கவேண்டும். இதை ஆசை காட்டி விற்க யாராவது வந்தால் கரண்டு பில் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

உப்புச் சேறு உதவாது

எல்லாச் சேறும் உரமல்ல. 1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடற்கரை ஓரம் நெல் வயல்களைப் பிடித்து இறால் பண்ணை வெட்டினார்கள். கடல்நீரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உப்பாயின. நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போயிற்று. சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அமைத்த இறால் குளங்களை அகற்றும்படி சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்புச் சொன்னது. விவசாய நிலத்தை இறால் குளமாக மாற்றக்கூடாது என்றும் சொன்னது.

இறால் குளத்துச் சேற்றிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஆனால் கூடவே உப்பும் உண்டு. மண்ணில் உப்பு மிகுந்தால் தண்ணீர் இருந்தும் வேரால் குடிக்க முடியாது. கடலில் தத்தளிப்பவன் தாகத்தால் சாவது போலத்தான். உப்பங்கழியில் முளைக்கும் உமரி போன்ற செடிகள் தாங்கும்; நெல்லும் உளுந்தும் தாங்காது. ஆகையால் உவர்நீர்க் குளத்துச் சேற்றை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வயலுக்குள் விடாதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நன்னீர்க் குளத்துச் சேறு நமக்குப் புதிதல்ல. கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் அடித்துச் செவல் காட்டில் கொட்டியவர்கள் நம் பாட்டன்மார். மீன் குளத்துச் சேறு அதைவிடக் கொழுத்த கரம்பை, அவ்வளவுதான். மீன் பிடித்ததும் குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிடவேண்டும். வெட்டி எடுத்துக் கட்டியை உடைத்து, உழவுக்கு முன் பரப்பவேண்டும். செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் இது மிகவும் நல்லது, ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஏற்கெனவே களியாக இறுகிக் கிடக்கும் நிலத்தில் மேலும் மேலும் கொட்டிப் பிரயோஜனமில்லை. வடிக்கும் தண்ணீரை வாய்க்காலில் விரயம் செய்யாமல் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு வேண்டாம். மீனுக்கு நோய் மருந்து போட்ட குளமா என்று விசாரித்துவிட்டுத்தான் எதையும் செய்யவேண்டும்.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். பூட்ஸும் கையுறையும் கேட்டு வாங்குங்கள். மூடிய கழிவுத் தொட்டிக்குள் எவனுக்காகவும் இறங்காதீர்கள். நான் சொன்ன அந்த அழுகல் முட்டை வாயு மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும்.

"எல்லாம் சரிதாம்ப்பா, சேற அள்ளுறது நாங்க, அள்ளுன சேறு அவுக தோட்டத்துக்குத்தான போவுது?" என்று முன்வரிசையில் ஒரு தாயார் கேட்கிறார். அம்மா, நான் சுற்றி வளைத்து வந்த இடத்துக்கு நீங்கள் நேரே வந்துவிட்டீர்கள்.

கழிவுப் பஞ்சுக்குக் கேட்டில் காவல் போட்டவன் குளத்துச் சேற்றை ஏன் தெருவில் விடுகிறான்? அதைக் காயவைத்து அள்ள ஆள் கூலி ஆகும்; வாய்க்காலில் விடச் செலவே இல்லை, நாற்றம் நமக்கு. நாளைக்கே அதற்கு விலை வந்தால் அங்கேயும் கேட் போட்டுக் காவல் வைப்பான். விலை வருவதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும். பஞ்சாயத்துக் குளத்தை மீன் குத்தகைக்கு ஏலம் விடும்போது இரண்டு நிபந்தனைகளை எழுதச் சொல்லிக் கேட்போம். குளத்து நீரைக் குடியிருப்பு வாய்க்காலில் வடிக்கக்கூடாது. மீன் பிடித்தபின் சேறு ஊருக்குச் சொந்தம்; அதில் முதல் பங்கு வீட்டுக் கொல்லையும் குத்தகை நிலமும் வைத்திருக்கிற ஏழைகளுக்கு, அள்ளுகிறவர்களுக்குக் கூலி தனி. மே 1-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினத்தில் இதைவிடப் பொருத்தமான தீர்மானம் எது? தனியார் குளமானாலும் தெருவில் கழிவை விட அவருக்கு உரிமை கிடையாது, அதையும் அங்கேயே கேட்கலாம். ஏரி, கண்மாய் வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கச் சர்க்கார் அனுமதி தருகிறது, 2024 முதல் தாசில்தார் மட்டத்திலேயே தருகிறார்கள். மனுவில் நிலத்தின் விவரம் கேட்பார்கள். நிலமில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வியை அங்கேயும் எழுப்ப வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. எங்கள் ஊர்க் குளத்திலிருந்து காய்ந்த சேறு ஒரு சாக்கு கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு கை எடுத்துப் போங்கள். ஒரு சட்டியில் பாதிக்குப் பாதி உங்கள் மண்ணோடு கலந்து, இன்னொரு சட்டியில் வெறும் மண்ணை மட்டும் போட்டு, இரண்டிலும் பத்துப் பத்துத் தட்டைப்பயறு ஊன்றுங்கள். உப்பு மிகுந்திருந்தால் முளை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த மாத வகுப்புக்கு இரண்டு சட்டியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.